இஞ்சினியர் வரிசை

மதியம் மூன்று பத்து. தேயிலை வறுபடும் வாசனை சட்டையில் ஒட்டியிருந்தது. டிரையருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் உள்ளே வந்து, "நாளையிலிருந்து ஃபேக்டரி ஓடாதுப்பா" என்றார்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம் அது... எனக்கும் கவிதாவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம்.

ஸ்ரீமதுரையில் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர். மழை ஓய்ந்ததும் அதில் கடலைக்காய் போட்டாள். பெருந்துறைப் பக்கத்துப் பெண். அவளுக்குக் கடலை தெரியும். எனக்கு மெஷின் மட்டும்தான் தெரியும். அந்த அரை ஏக்கரை நம்பித்தான் அந்த வருஷத்துச் சோறு.

முதல் நாற்பது நாள் இருவரும் குனிந்து களை வெட்டினோம். களை முந்திக்கொண்டால் கடலை எழும்பாது என்று விரட்டி விரட்டி வேலை வாங்கினாள்.

ஐம்பதாவது நாள் அவள் கூடலூர் போயிருந்தாள். கடலைக் காட்டில் மறுபடியும் களை. வந்ததும் அசந்துபோகட்டும் என்று மண்வெட்டியை எடுத்து இரண்டு வரிசையைச் சுத்தமாகச் செதுக்கியிருந்தேன்.

ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, மம்முட்டியக் கீழ போடுங்க மொதல்ல! விழுது எறங்கற நேரத்துல மண்ணக் கிண்டுவாங்களா?"

"களை தின்னுருமே கவிதா..."

"கொஞ்சம் தின்னா தின்னுட்டுப் போகுதுங்க. பெருசா இருக்கறத மட்டும் அருவாள்ல அறுங்க, வேரப் புடுங்காதீங்க. டிரையர்ல நட்டு முடுக்கறதுன்னு நெனச்சீங்களாக்கும்!"

மண்டியிட வைத்துக் காட்டினாள்.

மஞ்சள் பூ வாடியிருந்தது. அது இருந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது வளைந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதன் நுனியில்தான் காய் பிடிக்குமாம். பூ வெளிச்சத்தில்... காய் இருட்டில். எத்தனையோ மெஷினைப் பிரித்துப் பார்த்தவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"கண்ணே இல்ல... தரை எங்க இருக்குன்னு எப்படித் தெரியுது?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியுமுங்க."

அறுவடையில் அந்த இரண்டு வரிசையில் மட்டும் செடிக்கு நாலு காய்கூட இல்லை. "இது எங்க ஊட்டுக்காரரோட இஞ்சினியர் வரிசை" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த வருஷமும் அவள்தான் விதைத்தாள். இரண்டு தடவை களையும் அவளே வெட்டினாள். நாற்பத்து மூன்றாம் நாள் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள்... உயிரோடு திரும்பவில்லை.

இன்று ஐம்பத்திரண்டாம் நாள். அழுகை வரவில்லை. பயிரின் வயதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் மண்டியிட்டுப் பார்த்தேன். அவள் பார்க்காத விழுதுகள், எண்ணி முடியாத அளவுக்கு. ஒவ்வொன்றும் மண்ணைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து ஜோசப் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, கவிதா காடு களையாக் கெடக்கு. நாலு ஆள மம்முட்டியோட அனுப்பறேன், ஒரே நாள்ல செதுக்கிரலாம்." பாசம்தான். வேண்டாமென்று இரண்டு தடவை சொன்னேன். கேட்காமல் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்.

அன்றைக்குத் திட்டி நிறுத்த அவள் இருந்தாள். இன்றைக்கு ஆள் வந்தால் நான்தான் குறுக்கே நிற்க வேண்டும்.

இதை லேப்டாப்பில் தட்டி முடித்ததும் அருவாளோடு காட்டுக்குள் இறங்குகிறேன். போனை அணைத்துவிட்டேன்.