நஞ்சம்மா களத்தில் நின்ற மாசி

சூளகிரிக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி ஒரு சிற்றூர். 1956ஆம் வருஷம் மாசி மாதம், அந்த ஊர் வெங்கடப்பனின் மனைவி நஞ்சம்மா கையில் கோணிப்பையோடு அடுத்தவர் களத்தில் போய் நின்றாள். ஊர் வாயடைத்துப் போனது. ஆறு ஏக்கர் நிலமும் கிணறும் உள்ள வீட்டுக்காரி அவள்.

முந்தைய வருஷம் அவளுடைய இடது மார்பில் கட்டி வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு இருபது நாள் கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர் வைத்தியம் வைத்தார்கள். வெங்கடப்பன் ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றுத்தான் அவளைத் திருப்பிக் கூட்டிவந்தான். வந்தவளுக்கு வீட்டில் வேலையில்லை. அடுப்பை மருமகள் எடுத்துக்கொண்டாள். தட்டு, சொம்பு, பாய் எல்லாம் தனியாயின. யாரும் கடுஞ்சொல் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் அவளுக்கு உறைத்திருக்காது. தையல் போட்ட இடத்தில் சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. மனசும் அப்படியே கிடந்தது. விடிந்தால் எழுந்தாள், போட்டதைச் சாப்பிட்டாள், இருட்டினால் படுத்தாள். சாவைப் பற்றி யோசித்தாளா என்றால் அதுவும் இல்லை. அதற்கும் கொஞ்சம் அக்கறை வேண்டுமே.

தை மாதக் கடைசியில் சென்னம்மாள் வந்தாள். சேரியிலிருந்து அவர்கள் நிலத்தில் களையெடுக்கவும் அறுக்கவும் வருகிறவள். நஞ்சம்மாவை மாட்டுக் கொட்டகைக்குள் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முந்தானையை விலக்கிக் காட்டினாள். மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"எத்தினி நாளா இருக்குது?"

"ஆயுத பூஜைக்கு மொதல்லருந்தும்மா. வலி இல்ல. அதான் சும்மா உட்டுட்டேன்."

"எனக்கும் வலி இல்ல. ஒடனே வேலூருக்குக் கெளம்பு."

"ஐயோ, வெளிய தெரிஞ்சா என் பொண்ணு கல்யாணம் நின்னுடும்மா. வைகாசில ராயக்கோட்டைல குடுக்கறோம். தாயிக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு சொல்லிடுவாங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

நஞ்சம்மா அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இரக்கப்பட்டுச் செய்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. வேலூரில் எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும், எந்தச் சத்திரத்தில் சமைக்க விடுவார்கள் என்பதெல்லாம் அந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தவள்தான் கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவே.

ஒரு மாதச் செலவுக்கு என்ன வழி? சென்னம்மாளிடம் ஒன்றும் இல்லை. வெங்கடப்பனிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சத்தியம் கையைக் கட்டிப் போட்டிருந்தது.

ராகிப் போரைப் பிரித்து, உருளைக்கல் ஓட்டி, தூற்றிக் குவிக்கும் மாதம் அது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குவித்த தானியத்தை அளக்கும் நேரத்தில் களத்து ஓரம் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அனுப்பினால் அடுத்த வெள்ளாமை போய்விடும் என்று பயம். பூசாரி வருவார், நாவிதர் வருவார், பரதேசி வருவான். நிலம் உள்ள வீட்டுப் பெண் வந்ததே இல்லை.

முதலில் கங்கப்பனின் களம். அவர் கையில் தானியம் அளக்கும் வள்ளத்தோடு நிமிர்ந்தார். "இன்னா நஞ்சம்மா, இந்தப் பக்கம்?"

"வேலூருக்குப் போவணும் மாமா, வைத்தியத்துக்கு. அளந்து போடுங்க."

யாருக்கு வைத்தியம் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நோய்க்காரியின் நிழல் ராகிக் குவியல் மேல் விழுவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கங்கப்பன் இரண்டு வள்ளத்துக்கு மூன்றாகக் கொட்டினார். நஞ்சம்மா அதைக் கவனித்துக்கொண்டாள். மூன்றாவது களத்தில் ஓர் அடி உள்ளே தள்ளி நின்றாள், நிழல் குவியலை எட்டும்படி.

பதினெட்டு நாளில் இருபத்திரண்டு களம். ராகியைச் சூளகிரிச் சந்தையில் விற்றாள். செய்தி வெங்கடப்பனுக்குப் போகாமல் இருக்குமா?

"மறுபடி வந்துடுச்சா? எங்கிட்ட சொல்லக் கூடாதா? ஊரெல்லாம் கையேந்தறியே, நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

"சென்னம்மாளத் தொணைக்குக் கூட்டிக்கினு போறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கண் கலங்கியது. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

வேலூரில் சென்னம்மாளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நல்ல வேளை, கட்டி உடையுமுன் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. அப்படியே நஞ்சம்மாவின் அக்குளையும் அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டு கட்டி புதுசா இருக்கு. கரண்ட் வெச்சுப் பாக்கலாம். முழுசா போயிடும்னு சொல்ல முடியாது."

"எத்தினி நாளு இருப்பேனுங்க?"

"ஒரு வருஷம். கூடவும் இருக்கலாம்."

பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி, "சரிங்க" என்றாள் நஞ்சம்மா. சென்னம்மாளுக்குக் கரண்ட் வைத்த நாட்களில் அவளுக்கும் வைத்தார்கள். பங்குனிக் கடைசியில் இருவரும் ஊர் திரும்பினார்கள். துணைக்குப் போன சென்னம்மாள் பாவம், துரும்பாக இளைத்துவிட்டாள் என்று ஊர் பரிதாபப்பட்டது. வைகாசியில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

மறு வாரம் சென்னம்மாள் கொல்லை வழியாக ஒரு பெண்ணை அழைத்துவந்தாள். பேரிகையிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரி, பெயர் ரங்கம்மா. முப்பது வயசுதான் இருக்கும். அவளுக்கும் அதே கட்டி.

"களத்துல ராகி வாங்கி வைத்தியம் பாப்பீங்களாம்மா?"

"களமெல்லாம் முடிஞ்சி போச்சே. இனிமே வர்ற தைதான்."

"சரிங்கம்மா. தை வரைக்கும் இருக்கேன். நீங்க இருந்து கூட்டிக்கினு போங்க."

நஞ்சம்மா விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். எட்டு. இவள் கட்டி அதுவரை நிற்காது. எட்டு மாதம் கழித்துத் தான் எந்த நிலையில் இருப்போமோ. தான் போய்விட்டால் அந்த ஜன்னலை இவளுக்கு யார் காட்டுவார்கள்? அக்குளைப் பொத்திக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா, வலிக்குதா?" என்று சென்னம்மாள் பதறினாள்.

"இல்ல. பயமா இருக்குது" என்றாள் நஞ்சம்மா.

சென்னம்மாளைப் பார்த்து, "சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சென்னம்மாள் தலையாட்டினாள். நஞ்சம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். வெங்கடப்பன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள், டாக்டரம்மா சொன்ன ஒரு வருஷத்தையும் சேர்த்து. அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

"இந்தப் பொண்ண இப்பவே கூட்டிக்கினு போவணும். இப்ப மாங்காத் தோப்புலதான் ஏதாச்சும் கெடைக்கும். குடுத்தே ஆவணும்னு அங்க வழக்கம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொருத்தர்கிட்டயும் வாய் தெறந்து கேக்கணும். எங்கூட வாங்க" என்றாள். பிறகு குரல் உடைந்து, சின்னப் பிள்ளை போல அழுதாள்.

"எனக்குச் சாவப் புடிக்கலீங்க."