மலர் வளர்த்த ஐரிஸ்

எந்தக் கிழங்கும் மண்ணுக்கு மேலே தலைகாட்டுவது மலருக்குப் பொறுக்காது. ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வாழவந்தி கிராமத்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், கை கழுவாமல் நேரே கொல்லைக்குப் போவாள். குத்துக்காலிட்டு, விரல்களை ஒட்டவைத்து, உள்ளங்கை ஓரத்தால் இருபுறமும் மண்ணை வழித்து அணைப்பாள். மேலே லேசாக ஒரு அழுத்து. இஞ்சி போட்டுப் பழகிய கை.

மூலையில் இருந்த ஐரிஸ் பூச்செடிக்கும் அதே வைத்தியம்தான். ராணுவத்தில் இருக்கும் தம்பி கோபி, இமயமலையில் தானாக வளர்ந்து கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்த கிழங்கு அது. அடுத்த லீவில் வரும்போது பூவைக் காட்டு என்று சொல்லிப் போயிருந்தான். இலை விசிறிபோல் விரிந்தது. பூதான் இல்லை.

வேன் ஓட்டும் கணவன் ஜீவானந்தம் ஒருநாள் சுற்றுலா வந்த யாரிடமோ ஐரிஸைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தான். மலர் அப்போதும் மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, அந்தக் கெழங்கு முதுகுல வெயில் படோணுமாமா. நீ பொதச்சு வெச்சா எங்கிருந்து பூக்கும்?"

"வெளிய கெடந்தா வத்திப்போயிருமுங்களே."

"டீயில தட்டிப்போட இஞ்சியா வளக்கறோம்?"

அதோடு விடவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் பேச்சானது. "பூவ உசுரோட அடக்கம் பண்ணுனவ எங்கூட்டுக்காரி" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். மலரும் சிரித்து வைப்பாள்.

அன்றிலிருந்து மண்ணை விலக்கிவிட்டாள். மழை அடித்துக்கொண்டு வந்து மூடினாலும் ஈர்க்குச்சியால் சுரண்டிவிட்டாள். தம்பி வருவதற்குள் ஒரு பூவாவது வந்துவிட்டால் போதும். தன் கையால் கெட்டது என்ற பேர் போய்விடும்.

கோபி வந்தான். பூ வரவில்லை. சோறு போடும்போது அவளே சொல்லிவிட்டாள்.

"நாந்தான் சாமி கெடுத்துப்புட்டேன். மண்ணப் போட்டுப் போட்டு மூடிட்டேன்."

"அட விடுக்கா. பச்சையா நிக்குதல்ல."

லீவு முடிந்து அவன் பஸ் ஏறியதும், மலர் கிழங்கைத் தோண்டி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, அந்த மூலையில் இஞ்சி ஊன்றினாள்.

முகாமுக்குத் திரும்பிய கோபி, அங்கே ஆடு மேய்க்கும் ஒருவரிடம் இதைச் சொல்லியிருக்கிறான். அவர் சொன்னதை அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தால்தான் அந்தச் செடி மொட்டு விடுமாம். ஏற்காட்டில் யார் வளர்த்திருந்தாலும் அது பூத்திருக்காது.