கப்பல் நாளில் சாத்திய கேட்

அறுபதுகளின் நடுவில், கடல் நடுவே ஒரு தீவில், பாம்பூஃப்ளாட் என்ற ஊரில் ஒரு பிளைவுட் மில்லில் ஷிஃப்ட் இன்ஜினீயராக இருந்தேன். அந்த வேலையை ஆசைப்பட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஊறிய மரமும் பசையும் கலந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகவே போகாது. மில்லை ஆராய மெட்ராஸிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தபோது, அவருடைய கசங்காத சட்டையைத்தான் முதலில் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஒரு மாதம் தங்கியவர், கிளம்பும் வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரே மில்லுல உக்காந்து என்ன சார் பண்ணப் போறீங்க? எங்ககிட்ட வந்தா வருஷத்துக்குப் பத்து ஃபேக்டரி பாக்கலாம். இங்க என்ன மாத்தணும்னு நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, பாப்போம்."

பரீட்சை என்று புரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு எழுதினேன். மெயின்லேண்ட் கப்பல் அக்கரை ஜெட்டிக்கு வரும் நாளில் எங்கள் மில் பாதி காலியாகிவிடும். கப்பலின் சங்குச் சத்தம் கேட்டதும் மரத்தாள் அடுக்கும் பெண்கள் போட்டது போட்டபடி அக்கரைக்குப் போகும் ஃபெர்ரிப் படகுக்கு ஓடுவார்கள். சொந்தக்காரர் வருகிறாரோ இல்லையோ, போய் நின்று பார்க்க வேண்டும். மூன்று வருடம் அதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். அந்த ஒரு வாரம் மட்டும் கன்சல்டன்ட் கண்ணோடு பார்த்தேன். கப்பல் நாளில் ஷிஃப்ட் முடியும்வரை கேட்டைச் சாத்திவிட வேண்டும் என்று எழுதினேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதை அப்படியே தன் அறிக்கையில் சேர்த்தார். வேலைக்கு வரச் சொல்லி ஒரு கடிதத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. என் மனைவி பிரசவத்துக்காக மதுரை போயிருந்தாள். மகள் பிறந்து மூன்று மாதம். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. புது வேலைக்குப் போனால் மாதத்தில் இருபது நாள் வெளியூர். மில்லிலேயே இருந்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஆனால் சாகும்வரை பசை நாற்றம்தான். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துத் தூக்கம் கெட்டது.

அடுத்த கப்பல் வந்தது. மேனேஜர் உத்தரவுப்படி கேட் சாத்தியிருந்தது. சங்கு ஊதியபோது பெண்கள் கேட்டருகே போய் நின்றுவிட்டு மேஜைக்குத் திரும்பினார்கள். என் திட்டம் பலித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஷிஃப்ட் முடிந்து, தபால் வந்திருக்குமே என்று அக்கரைக்குப் போனேன். கப்பல் கூட்டம் எப்போதோ கலைந்துவிட்டது. ஜெட்டியில் டிரங்குப் பெட்டிமேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை.

"வர்றேன்னு லெட்டர் போட்டேனே, கெடைக்கலையா?" என்றாள்.

அந்தக் கடிதமும் அவள் வந்த கப்பலிலேயே வந்திருந்தது. தீவில் இதுதான் வழக்கம். யார் வருகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிய வழியில்லாததால்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். மூன்று வருடம் இருந்தும் என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டேன். வெயிலில் அதன் கன்னம் சிவந்திருந்தது. அழுகை வந்துவிட்டது. கேட் சாத்தச் சொன்னவன் நான்தான் என்று அங்கேயே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்கு நீங்க வந்துட்டீங்க. மத்தவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விசாரித்தேன். மரத்தாள் மேஜையில் ராமநாதபுரத்துக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். ஐந்து வருடமாகப் பார்க்காத அவளுடைய தம்பி அந்தக் கப்பலில் வந்திருக்கிறான். ஜெட்டியில் அக்காவைத் தேடியிருக்கிறான்; நிக்கோபாரில் வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் அன்று மாலையே, எங்கள் ஷிஃப்ட் முடிவதற்குள், அங்கே போகும் கப்பலில் அவனை ஏற்றிவிட்டார்கள். என் குழந்தையை அன்றே கையில் வாங்கிவிட்டேன். அவளுக்கு நான் என்ன செய்ய முடியும்? மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டு அந்த உத்தரவை எடுக்க வைத்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க சாப்" என்றாள்.

அடுத்த கப்பல் நாளில் கேட் அகலத் திறந்திருந்தது. சங்கு ஊதியதும் அந்தப் பெண் எழுந்தாள். ஓடவில்லை. என் முன்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஜஹாஜ் வந்திருச்சு சாப். போலாமா?" என்றாள்.

அதற்கு முன் அவர்கள் யாரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை.

"போங்கம்மா" என்றேன். பிறகு உட்கார்ந்து, வேலைக்கு வரவில்லை என்று மெட்ராஸுக்கு எழுதினேன். அவர்கள் மறுபடி என்னைக் கேட்காமல் ஓடுவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று.