பெட்டகத்துக்குள் அகப்பட்ட திருடன்

1. ரவியின் அழைப்பு

அது ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்டில் ஒரு நகைக்கடைப் பெட்டகத்துக்குப் பூட்டு இலக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டு என் வாகனத்தில் ஏறியபோது ரவி கூப்பிட்டார். டவுன்டவுனில் பழைய படங்கள் காட்டும் சிறிய தியேட்டர் ஒன்றின் மேலாளர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், நான் மட்டக்களப்பு. அந்தத் தியேட்டரின் பூட்டுகளெல்லாம் நான் போட்டவை என்பதால் பழக்கம்.

"மலர் அக்கா, ஒரு ஆள் சேஃபுக்குள்ள மாட்டுப்பட்டுப் போனார்."

பகிடி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரவியின் மூச்சு வாங்கிய விதம் பகிடியாக இல்லை.

"உள்ளுக்க இருந்து தட்டுறாரா?"

"ஓம். கத்துறார் போலவும் கிடக்கு. சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை."

"ஒருத்தரையும் டயலைத் தொட விடாதீங்க. ஃபயர்காரருக்கு அடிச்சாச்சா?"

"வந்து நிக்கினம். அவையின்ர கப்டன்தான் சேஃப் வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடச் சொன்னவர். கெதியா வாங்கோ அக்கா."

ஆற்றுப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. ரவி தொலைபேசியை வைக்காமல் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் அவர்கள் பழைய டேனிஷ் நகைச்சுவைப் படங்களைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் நாயகன் ஒரே திருடன். எந்தப் பெட்டகத்தையும் விரல்நுனியால் திறந்துவிடுவான். ஒவ்வொரு படத்திலும் ஓட்டையே இல்லாத ஒரு திட்டம் போடுவான். ஏதாவது ஒரு சின்ன விஷயம் பிழைத்துப் பிடிபடுவான். துவக்கும் தூக்கமாட்டான், ஆளையும் அடிக்கமாட்டான். அவனுடைய நாட்டில் சின்னப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை அவனைத் தங்கள் வீட்டு மனிதனைப் போல நேசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும் அவனைப் பிடிக்கும். நாங்கள் செய்யும் வேலையைத்தானே அவனும் செய்கிறான், அனுமதி மட்டும் இல்லை.

படம் பார்க்க வருகிறவர்கள் அவனைப் போல உடுத்து வந்து புகைப்படம் எடுப்பதற்காக, வாசல் மண்டபத்தில் உண்மையான பெட்டகம் ஒன்றை வைத்திருந்தார்கள். மூடிப்போன நகைக்கடை ஒன்றிலிருந்து இரவலாக வந்தது. ஆள் நிற்கக்கூடிய உயரம். இலக்கம் யாருக்கும் தெரியாது. திறந்தபடியே இருக்கப் போகிறது, இலக்கம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

நீல்ஸ் என்ற முதியவர் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக உள்ளே போய் நின்றார். பேக்கரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டென்மார்க்கில் பிறந்தவர். அவருடைய மனைவி லூயிஸ் வெளியே நின்று படம் எடுத்தாள். கதவைச் சாத்தித் திறக்கும்போது அவர் எட்டிப்பார்த்தால் நல்ல படம் வரும் என்று யாரோ சொன்னார்கள். கதவைச் சாத்தியவர் படத்தில் வருவதைப் போலவே கைப்பிடியைத் திருப்பி, டயலையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பூட்டு விழுந்துவிட்டது.

2. நிலத்திலிருந்து வந்த குரல்

நான் போனபோது மண்டபத்தில் கறுப்புத் தொப்பி போட்ட ஏழெட்டுத் திருடர்கள் சுவரோரமாக நின்றார்கள். பெட்டகத்தை அணைத்தபடி லூயிஸ் நின்றாள். உள்ளே தட்டும் சத்தம் மெதுவாகவும் விட்டுவிட்டும் வந்தது.

தீயணைப்புக் கப்டன் பிரெஞ்சில் நேராகவே சொன்னார்: "எங்களிட்டை வெட்டுற மெஷின் இருக்கு. ஆனா சூடும் பொறியும் உள்ளுக்குப் போகும். ஆள் வேகிப்போவார். நீங்க சொல்லுங்க."

துளைபோட எனக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும். கதவு தடிப்பு. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது, அவருடைய நெஞ்சு எப்படி என்பது தெரியாது. டயலைத் தொட்டு உணர்ந்து இலக்கம் பிடிப்பதென்றால் பொழுது விடிந்தாலும் விடியும். படத்தில்தான் அது ஒரு பாட்டு முடிவதற்குள் நடக்கிறது.

விற்பனைக்குப் போகும் பெட்டகங்களில் வழக்கமாகப் போட்டுவிடும் இலக்கங்களை முதலில் முயன்றேன். ஒன்றும் பிடிக்கவில்லை.

அப்போதுதான் பெட்டகம் நிலத்தில் நேராக நிற்காமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிற்பதைக் கவனித்தேன். நகைக்கடைப் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க நிலத்தோடு போல்ட் போட்டு இறுக்குவது வழக்கம். கழற்றிக் கொண்டுவந்தால் அடித்தகட்டில் துளை இருக்கத்தான் வேண்டும். குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டேன். பெருவிரல் நுழையும் அளவில் ஒரு துளை. மேலே ஏதோ மெத்தென்று அடைத்திருந்தது. உள்ளே விரித்த கம்பளம்.

நீண்ட கம்பியால் குத்தினேன். தட்டும் சத்தம் நின்றது. இன்னொரு முறை குத்தினேன். மேலே யாரோ கம்பளத்தைப் பிய்த்து இழுப்பது கேட்டது. பிறகு துளைக்குள்ளால் கரகரத்த குரல் பிரெஞ்சில் வந்தது.

"ஆரது?"

லூயிஸ் எனக்குப் பக்கத்தில் நிலத்தில் விழுந்து படுத்தாள். "நீல்ஸ், நான்தான். மூச்செடு. வாயைத் துளையில வைச்சு மூச்செடு."

தீயணைப்புக்காரர் ஒட்சிசன் குழாயை அந்தத் துளையில் செருகினார்கள். கப்டன் சுவரில் சாய்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினார். ரவி கதிரையில் இருந்துவிட்டார். இனி அவசரம் இல்லை.

அவசரம் போனதும் புத்தி வேலை செய்தது. பெட்டகத்தின் பூட்டு வெளியே இருந்து பார்க்கும்போதுதான் பெரிய ரகசியம். கதவின் பின்பக்கத்தில் அது ஒரு சிறிய பெட்டி, ஒரு மூடி, இரண்டு திருகாணி. அந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறார்.

3. அவர் பார்த்தார், நான் திருப்பினேன்

குழாயைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டுச் சின்ன டோர்ச்சையும் மெல்லிய ஸ்குரூட்றைவரையும் துளையால் மேலே தள்ளினேன். கதவின் உட்தகட்டைக் கழற்றச் சொன்னேன். நீல்ஸ் திரும்பத் திரும்பத் திருகாணியைத் தவறவிட்டார். நிலத்தில் தடவி எடுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கை நடுங்குது, மதாம். நான் பாண் போடுற ஆள்."

"ஆறுதலாச் செய்யுங்க. காற்று இருக்கு, உங்கட மனுசி இருக்கிறா, நான் இருக்கிறன். பெட்டிக்கு ஓரத்தில ஸ்பிரிங் ஏதும் தெரியுதா?"

சில பூட்டுகளில் மூடியைக் கழற்றினால் இன்னொரு பூட்டு விழுந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன்.

துளைக்குள்ளால் டோர்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் அசைந்தது. "இல்லை. ஸ்பிரிங் ஒண்டும் இல்லை."

அந்தப் பெட்டியின் மூடியையும் கழற்றச் சொன்னேன். கழன்றது. மூன்று வட்டத் தகடுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிவதாகவும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு இருப்பதாகவும் சொன்னார். அந்த வெட்டுகள் மூன்றும் மேலே ஒரே நேர்கோட்டில் வந்தால் பூட்டு திறக்கும். கப்டன் துளையோரம் படுத்து நீல்ஸ் சொல்வதைக் கேட்டுச் சொன்னார், நான் டயலில்.

முதல் தடவை அவர் "நிப்பாட்டு" என்று சொல்லப் பிந்திவிட்டது. திரும்பத் தொடங்கினோம். இரண்டாம் தடவை கடைசித் தகடும் சரியாக வந்தது. டயலை மெல்லத் திருப்பியபோது உள்ளே ஒரு இரும்புத் துண்டு அந்த வெட்டுகளுக்குள் விழுந்தது விரலுக்குத் தெரிந்தது. கைப்பிடியைத் திருப்பினேன். கதவு வந்தது.

நீல்ஸ் ஒரு கையில் ஸ்குரூட்றைவரோடு வெளியே வந்தார். தொப்பி நசுங்கியிருந்தது. சுவரோரம் நின்ற திருடர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். லூயிஸ் கைதட்டவில்லை. அவரது கோட்டைப் பிடித்து உலுக்கிவிட்டு, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள்.

"என்ர வாழ்க்கையில நான் திறந்த ஒரே சேஃப்," என்றார் நீல்ஸ். "அதுவும் உள்ளுக்க இருந்து."

அம்புலன்ஸில் வைத்துப் பரிசோதித்தார்கள். ஒரு பழுதுமில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. படம் பிந்தித் தொடங்கியது. ரவி என்னையும் பிடித்து இருத்தினார். திரையில் திருடன் பெட்டகத்தில் காதை வைத்தபோது சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நீல்ஸ் வாயைத் திறந்தபடி நித்திரை. லூயிஸ் அவருடைய கையை விடாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். காட்சிக்கு வைக்கும் பெட்டகத்தில் பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் வையுங்கள். உள்ளே ஆள் இருந்தால் கதவை மறந்துவிடுங்கள். முதலில் காற்று, அடுத்து பேச்சு, அதன் பிறகுதான் பூட்டு.

திங்கட்கிழமை ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பெட்டகம் திறக்கவில்லை, கடை திறக்க நேரமாகிறது, எல்லாம் முடிந்துபோய்விட்டது என்றார்.

"உள்ளுக்க ஆள் ஒருத்தரும் இல்லைத்தானே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இல்லை."

"அப்ப ஒரு தேத்தண்ணி தாங்க," என்றேன். "ஆறுதலாத் திறப்பம்."