அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

முதல் நாள் ஆச்சான் என் கையில் தந்தது ஒரு செத்தவீட்டுப் புத்தகம். மஞ்சள் அட்டை, அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாவின் படம், ஓரத்தில் அச்சடித்த மல்லிகைச் சரம். உள்ளே அந்த அம்மாவின் வாழ்க்கை வரலாறு, ஊர் விகாரையின் தலைமைப் பிக்கு எழுதிய ஆசியுரை, நீண்ட தர்ம உபதேசம் ஒன்று, எல்லாம் முடிந்தபின் அவர் சமைக்கும் புளி மீன் குழம்பின் செய்முறை. தாய்லாந்தில் ஒருவரைத் தகனம் செய்யும்போது இப்படியொரு புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்களாம். அந்தப் புண்ணியம் செத்தவருக்குப் போய்ச் சேருமாம். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். நானோ, "இதென்ன பெரிய புதுமை, நாங்களும்தானே அடிக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தவர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்துக் கொடுக்கும் நினைவு மலரைப் பற்றி, அதில் வரும் பதிகங்களைப் பற்றி, ஊரில் அதைக் கல்வெட்டு என்று சொல்வதைப் பற்றி, கேட்காமலே ஒப்புவித்தேன். ஆச்சான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் இருந்துவிட்டார். ஸ்கானரில் தாள் வைக்கத் தெரிந்தவர்கள் வேறு மூன்று பேர் அன்று அந்தப் புத்தகங்களை ஸ்கான் செய்யும் வேலை கேட்டு வந்திருந்தார்கள். வேலை எனக்குக் கிடைத்தது இந்த வாயால்தான்.

ஆச்சான் என்பது அவருடைய பெயர் அல்ல. தாய்லாந்தில் கற்பிப்பவரை அப்படி அழைப்பார்கள். என்னையும் அப்படியே அழைக்கச் சொன்னார். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தன் நாட்டின் சமூகத்தையும் சமயத்தையும் அரசியலையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், தனி ஆள். முப்பது வருடம் இந்த நகரத்தில் இருந்தும் பனிக்கு ஏற்ற ஒரு சப்பாத்து வாங்கத் தெரியாதவர். நானும் அப்போது ஏறக்குறையத் தனி ஆள்தான். வேலை செய்த இன்சூரன்ஸ் கந்தோரை மூடிவிட்டார்கள். மல்வேர்னில் அப்பாவும் நானும் இருந்தோம். அம்மா பக்கத்து நகரமான மார்க்கத்தில் அண்ணை வீட்டில், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தா. கனடாவில் நாங்கள் தாய் தகப்பனையும் பங்கு போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் அண்ணை வீட்டு சோபாவில் பக்கத்துப் பக்கத்தில், கலியாணம் பேச வந்தவர்கள் மாதிரி, கதையில்லாமல் இருப்பார்கள். அக்கா இலண்டனில்.

ஆச்சானிடம் இருந்த செத்தவீட்டுப் புத்தகங்கள் நாலு சுவர் நிறைய. படைத் தளபதி, அரிசி ஆலைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, சந்தையில் துணி விற்றவர் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒரு நாட்டைப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பார். எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பெரிய மனிதர் முன்னுரை எழுதினார், எந்தப் பிக்குவின் உபதேசத்தைத் தெரிந்தெடுத்தார்கள், பதக்கங்களின் பட்டியல் எத்தனை பக்கம் என்று பார்த்தாலே யார் யாருக்கு அடங்கி நடந்தார்கள் என்பது தெரிந்துவிடுமாம். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. புத்தகம் கைக்கு வந்ததும் ஓர் எழுத்தும் வாசிக்க மாட்டார். முதலில் குடும்பப் படத்தைத் திறந்து பிள்ளைகளின் தலைகளை எண்ணுவார். பிறகு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் திறந்து வரிகளை எண்ணுவார். இரண்டும் ஒத்துவந்தால் புத்தகம் இடது பக்க அலுமாரிக்குப் போகும். ஒத்துவராவிட்டால் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி உள்ளே வைப்பார். அது மேசையிலேயே இருக்கும். அவருடைய முழு ஆய்வும் அந்த மேசையில் இருந்த புத்தகங்கள்தான்.

அவருடைய இளம் வயதில், அரசாங்கத்துக்குப் பயந்தும் அதை எதிர்த்தும் காட்டுக்குள் போன பிள்ளைகள் நிறையப் பேர். சிலர் திரும்பி வரவில்லை. பிற்காலத்தில் தாய் தகப்பன் செத்தபோது அடித்த புத்தகங்களில் அந்தப் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்பதைத்தான் ஆச்சான் தேடினார். ஒரு வீட்டில் பெயரே இல்லை. இன்னொரு வீட்டில் "மேற்படிப்புக்குச் சென்றார்" என்று போட்டிருந்தார்கள். மற்றொன்றில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு, அதன் பிறகு வெறும் தாள். மத்தியானத்தில் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் சாப்பிடுவோம். என் புட்டில் அவர் பாதி, அவருடைய ஒட்டும் சோற்றில் நான் பாதி. மேசையில் இருக்கும் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு நான் துப்புத் துலக்குவேன். "பாருங்கள் ஆச்சான், இந்தச் சனங்கள் மூன்றாவது மகளை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறார்கள்" என்று சிரிப்பேன். அவர் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அடுத்தவன் வீட்டுக் கதை என்றால் எனக்கு வாய் எப்படி நீளும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பிறகு அப்பா செத்துப்போனார். அண்ணைதான் எல்லாம் பார்த்தார். நினைவு மலரும் அவர் பொறுப்பு. எங்களுடைய நினைவு மலரில் பிள்ளைகளின் பெயர் போடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உயிரோடு இருப்பவர் என்றால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு வரவேண்டும். (கனடா), (இலண்டன்), (சுவிஸ்). இலண்டனும் எங்களுக்கு ஒரு நாடுதான். செத்தவர் என்றால் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று வரவேண்டும். மூன்றாவது வகை ஒன்று இல்லை. எங்கள் தம்பி, வீட்டில் எல்லாருக்கும் சின்னவன், அந்த மூன்றாவது வகை. ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் அவனைக் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. அதன் பிறகு கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. அண்ணை போன் எடுத்தார்.

"தங்கச்சி, சின்னவனை எப்பிடிப் போடுறது? காலஞ்சென்ற எண்டு போட்டால் அம்மா தாங்கமாட்டா. அவ இன்னும் அவனுக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறா. சும்மா போட்டால், பின்னாலை எந்த நாடு எண்டு போடுறது?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இந்த முறை அவனை விடுவம், என்ன?"

"ஓம் அண்ணை."

"படத்திலை ஆள் அப்பாவின்ரை மடியிலை இருக்கிறான். அவனை வெட்டினால் அப்பாவின்ரை ரெண்டு கையும் சேர்ந்து போயிடும். அது கிடக்கட்டும். சனங்கள் எண்ணியே பார்க்கப்போகுதுகள்?"

அண்ணையில் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர் என்னைக் கேட்டார். ஓம் என்று சொன்னவள் நான்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் அம்மாவின் கையில் மலரைக் கொடுத்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டு, விரலை ஒவ்வொரு பெயராக வைத்து வாசித்தா. மூன்றாவது பெயரோடு விரல் நின்றது. "சின்னவன் எங்கை?" என்றா. அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "அச்சுப்பிழை அம்மா, அச்சகத்தான் விட்டிட்டான்" என்றார் அண்ணை. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தா. "சரி, பரவாயில்லை. என்ரை புத்தகத்திலை திருத்திப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு மலரை மூடிக் கைப்பைக்குள் வைத்தா. அந்த மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாத மாதிரி இருந்தது.

அடுத்த கிழமை ஒரு பிரதியை ஆச்சானிடம் கொண்டுபோனேன். கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்; ஆனால் அவரும் கேட்டிருந்தார், எனக்கும் எங்களுடையதைக் காட்டும் ஆசை இருந்தது. கைகூப்பி, இரண்டு கையாலும் வாங்கி, அப்பாவின் படத்தை நெற்றியில் ஒற்றினார். பிறகு பழக்க தோஷம், படத்தைத் திறந்தார். பேனாவின் மறுமுனை தாளில் படாமல் தலைகளின் மேலே போனது. அடுத்த பக்கம். தமிழ் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது; வரிகளை எண்ணத் தமிழ் தேவையில்லையே. மடியில் இருக்கும் இந்தப் பிள்ளை யார் என்று மெல்லக் கேட்டார்.

"சித்தப்பாவின் மகன்" என்றேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறது என்பார்களே, அதைத்தான் செய்தேன், அதுவும் பூசணிக்காய் தேடுவதையே தொழிலாக வைத்திருந்த ஒருவருக்கு முன்னால். உலகத்தில் இதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ஆனால் அந்த மேசையில் இருந்த குடும்பங்களை வைத்து இரண்டு வருடம் சிரித்தவள் நான். என் அப்பாவின் புத்தகமும் அந்த மேசைக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். வெட்கம். வேறொன்றும் இல்லை.

ஆச்சான் தலையசைத்தார். வழமைபோல ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதி உள்ளே வைத்தார். ஆனால் புத்தகத்தை மேசையில் வைக்கவில்லை. இடது பக்க அலுமாரியில், ஒத்துவந்த புத்தகங்களோடு வைத்தார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவரோடு சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. தலைவலி என்றேன், வங்கிக்குப் போகவேண்டும் என்றேன், கடைசியில் ஒன்றும் சொல்லாமலே கீழே உள்ள சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், முகம் தெரியாத மாணவர்களுக்கு நடுவில் என் புட்டைத் தின்றேன். கொஞ்ச நாள் என் மேசையில் வாழையிலையில் சுற்றிய சோறு இருக்கும். பிறகு அதுவும் இல்லை. இப்படியே இரண்டு வருடம். ஒரே அறையில் இரண்டு பேர், காலையில் ஒரு வணக்கம், பின்னேரம் ஒரு வணக்கம்.

ஒரு மாசி மாதம் அவருக்கு வயிற்றில் கடுமையான நோய் என்று தெரியவந்தது. மூன்று மாதத்தில் வருவேன் என்று சொல்லி ஊருக்கு, தங்கை வீட்டுக்குப் போனார். அந்தத் தங்கையின் மகளிடம் இருந்து மின்னஞ்சல் வந்தபோது தகனமும் முடிந்திருந்தது. அவருக்கும் ஒரு புத்தகம் அடித்திருப்பார்கள். எனக்கு வரவில்லை. ரொறன்ரோவில் யாருக்கு அனுப்புவது என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

புத்தகங்களை நூலகம் எடுத்துக்கொண்டது. பட்டியல் எழுத என்னை இரண்டு கிழமை கூப்பிட்டார்கள். ஆளில்லாத அந்த அறையில், ஒரு பெட்டியில் இருந்து அப்பா வெளியே வந்தார். உள்ளே அந்தத் துண்டுத் தாள். அத்தனை பட்டியல்களைப் பார்த்ததில் தாய்லாந்து மொழியில் மகன், மகள் என்ற சொற்கள் எனக்குப் பாடம். முதல் வரியில் ஒரே சொல்தான்: மகன். இரண்டாவது வரிக்கு அகராதியோடு அரை மணித்தியாலம் இருந்தேன். "அவளாகச் சொல்லும்வரை கேட்கக்கூடாது."

அவர் காத்திருந்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, தனியே சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார். நான் ஐந்து மாடி கீழே இருந்து புட்டுத் தின்றிருக்கிறேன். அந்த அறையில் நின்று நான் அழுத அழுகை அப்பாவுக்கும் அழவில்லை. "தம்பி, ஆச்சான், என்ரை தம்பி" என்று வாய்விட்டுத் தமிழிலேயே சொன்னேன். கேட்க ஆளில்லை. ஒரு பெட்டியை ஒட்டி மூடிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

போன மாரியில் அம்மாவும் போய்விட்டா. அண்ணை அச்சுப்படியை அனுப்பினார். மூன்று பெயர். நான் போன் எடுத்தேன்.

"அண்ணை, அம்மா திருத்தச் சொன்னவ."

"எனக்கும் தெரியும்" என்றார். "என்னெண்டு போட?"

"பேரை மட்டும் போடுங்கோ. முன்னாலையும் ஒண்டும் வேண்டாம், பின்னாலையும் ஒண்டும் வேண்டாம்."

"சனம் கேக்குமடி."

"கேக்கட்டும் அண்ணை. நான் சொல்லுறன்."

அந்தியேட்டி அன்று சாப்பாடு முடிந்து, மண்டப வாசலில் நின்று நான்தான் மலரைக் கொடுத்தேன். அநேகம் பேர் வாங்கிச் சுருட்டிக்கொண்டு காருக்குப் போனார்கள். ஒஷாவாவில் இருந்து வந்த ஓர் அன்ரி மட்டும் அங்கேயே நின்று பெயர்களை வாசித்தார். நாலாவது பெயரில் விரலை வைத்தார்.

"பிள்ளை, உவருக்கு நாடு போடேல்லை. மறந்துபோனியளோ? ஆர் இவர், எங்கை இருக்கிறார்?"

அச்சுப்பிழை என்ற சொல் நுனி நாக்குவரை வந்தது. பக்கத்தில் அண்ணை நின்றார்.

"என்ரை தம்பி, அன்ரி" என்றேன். "எங்கை எண்டு தெரியாது."