முறுக்குத் தட்டு இத்தாலி

என் மகளுக்கு ஸ்லோவேனியாவில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை கிடைத்தது. அவள் கேட்டரிங் படித்தவள். போவதா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பொண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றாள் மனைவி. மாமா சரி என்றால் மட்டும் யோசிப்பாளாம்.

மாமா என்பது மனைவியின் தாய்மாமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, அந்த பென்ஷனில் உப்பளம் பகுதியில் குடியிருப்பவர். இப்படிப்பட்டவர்களை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். குடும்பத்தில் யார் வெளிநாடு போனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை. ஐரோப்பா என்றாலே எங்களுக்கு பிரான்ஸ்தான். மற்ற நாடுகளெல்லாம் அதன் பக்கத்து வீடுகள்.

அவரிடம் அந்த நாட்டைப் பற்றி எடுத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முத்தியால்பேட்டையில் ஒரு எலக்ட்ரிக் கடையில் நிற்கிறேன். வருகிறவர் பல்பு கேட்டால் பேசாமல் எடுத்துக் கொடுப்பேன். கடைக்கு வருவோர் என்னை ஊமை என்று நினைப்பதும் உண்டு. பத்தாவது வரை படித்தவன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஸ்லோவேனியா தனி நாடே இல்லை, யுகோஸ்லாவியாவுக்குள் இருந்தது. அந்த யுகோஸ்லாவியாவையே பரீட்சை வரைபடத்தில் கடலுக்குள் குறித்தவன் நான்.

ஆனாலும் போனில் தேடித் தேடிப் படித்தேன். கடையின் பின்னறையில் மின்விசிறிப் பெட்டிகளைப் பார்த்துப் பேசிப் பழகினேன். பெட்டிகள் அமைதியாகக் கேட்டன. அதில் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து மாமா வீட்டுக்குப் போனோம். டீ வந்தது. எனக்கு வாய் உலர்ந்துவிட்டதால் கையால் ஆரம்பித்தேன். முறுக்குத் தட்டை மேற்கே நகர்த்தி, இது இத்தாலி என்றேன். வடக்கே தண்ணீர்ச் சொம்பு, ஆஸ்திரியா. டீக் கோப்பைகள் ஹங்கேரியும் குரோஷியாவும். நடுவில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன். நாட்டில் பாதிக்கு மேல் காடு, மொத்த ஜனம் சென்னையில் பாதிகூட வராது, கடற்கரை நாம் கடலூர் போய்த் திரும்பும் தூரம்தான், பணம் யூரோ, கோயில்கள் பெரும்பாலும் நம்மைப் போலக் கத்தோலிக்கம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, மாமா அந்த நாட்டை எடுத்து டீயில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டார்.

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேறு பிஸ்கட் வைப்பதா, அப்படியே தொடர்வதா என்று தெரியாமல் தலைநகரின் பெயரைச் சொல்லப் போய், பாதியில் நாக்கு மடங்கி நின்றுவிட்டேன்.

மாமா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. அங்க நம்ம ஆளுங்க யாரு இருக்காங்க?"

பிரான்ஸ் என்றால் தெருத் தெருவாகச் சொல்லியிருக்கலாம்.

"யாரும் இல்ல மாமா."

"அப்புறம் எத நம்பி அனுப்புவ?"

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மகளும் துப்பட்டா நுனியைச் சுருட்டத் தொடங்கிவிட்டாள். அப்போது, வந்ததிலிருந்து வாய் திறக்காத மனைவி பேசினாள்.

"நெசமாவே நம்ம ஆளுங்க ஒருத்தரும் இல்லியா?"

இல்லை என்றேன், குற்றவாளி மாதிரி.

"அப்ப போவட்டும் மாமா. என் தங்கச்சி பொண்ணு பாரிஸ்ல யாரு கூட காபி குடிச்சான்னு அவ வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இங்க பேசிட்டாங்க. அந்தப் பேச்சு இவளுக்கு வேணாம்."

மாமா ஒரு முறுக்கை எடுத்து, கடிக்காமல் தட்டிலேயே திரும்ப வைத்தார். அந்தக் காபிச் செய்தி ஊருக்குள் பரவியதே அவருடைய போனிலிருந்துதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"சரி, போவட்டும். என் கம்பளிக் கோட்டு ஒன்னு சும்மா கெடக்கு. எடுத்துட்டுப் போம்மா," என்றார் மகளிடம்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "கோட்டு எதுக்கு? அங்க குளிருமா?"

இத்தனை நாள் படித்ததில் பனியைப் பற்றி மட்டும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"லேசா," என்றேன்.