பீப் அடித்த பிறகு வந்த டிகிரி

கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியிலிருந்து போன். "மிஷினு ரொம்ப ஸ்லோ சார், கொஞ்சம் வந்து பாருங்க." பால் சோதிக்கிற மிஷின்களை ரிப்பேர் பார்ப்பதுதான் என் பிழைப்பு. விடிந்தும் விடியாமலும் கள்ளக்குறிச்சியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு போனால், வாசலிலேயே சண்டை.

ரெண்டு மாடு வைத்திருக்கிற ஓர் அக்கா, கேனைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவர் பாலில் தண்ணீர் கலந்திருப்பதாக கம்ப்யூட்டர் தினமும் காட்டுகிறதாம். இன்றைக்கும் அப்படி வந்தால் இனிமேல் பால் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். "எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் ஊத்தல சார். எங்க வூட்டுக்காரருதான் ஊத்தறாரோன்னு அந்தாளுகிட்ட பேசறதகூட வுட்டுட்டேன்" என்றார்.

"மொதல்ல மிஷின பாக்க வுடுங்க!" என்று ஒரு கத்து கத்திவிட்டு உட்கார்ந்தேன்.

பாலின் கெட்டித்தன்மையைத்தான் டிகிரி என்பார்கள். மிஷின் அளக்கிற டிகிரியை லேப்டாப்புக்குக் கொண்டுபோவது, நடுவில் இருக்கிற தீப்பெட்டி அளவு யூஎஸ்பி போர்டு. ஒயரை மாற்றினேன். சொருகுகிற இடத்தை மாற்றினேன். போர்டையே மாற்றினேன். ம்ஹூம். மிஷின் பீப் அடித்து முடித்து, அப்புறம் சாவகாசமாக வந்தது நம்பர். சனியனே என்று வாய்விட்டே திட்டினேன். அடுத்தடுத்து அனுப்பிப் பார்த்தால் மட்டும் டக்கென்று வருகிறது. ஒரு பால் சோதிக்கிற நேரம் சும்மா கிடந்தால் போர்டு தூங்கிவிடுகிறது. கரண்ட் போனாலும் சார்ஜ் நிற்கட்டும் என்று புது லேப்டாப்பில் யாரோ பவர் சேவிங் போட்டிருந்தார்கள். அது போர்டையும் சேர்த்துத் தூங்கவைத்திருக்கிறது.

சரி, லேட்டாக வந்தால் என்ன குடிமுழுகிப்போகிறது? பாலைச் சோதித்து லேப்டாப்பில் பதிகிற ஆளைக் கவனித்தேன். வெளியே பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, மனுஷன் பீப் கேட்டதுமே நம்பரைப் பதிகிற பட்டனைத் தட்டிவிடுகிறார். அப்போது லேப்டாப் திரையில் நிற்பது முன்னால் ஊற்றினவருடைய நம்பர்! அடக் கடவுளே.

"மிஷின்லயே நம்பர் தெரியுமே, அத பாக்கக்கூடாதா?" என்றேன். மிஷினின் சின்னத் திரை மேல் ஆயுத பூஜைக்கு அப்பின சந்தனம் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா என்று ஒருத்தரும் கை வைக்கவில்லை. ஈரத்துணி வாங்கி நானே துடைத்தேன். பவர் சேவிங்கை எடுத்தேன்.

அந்த சொசைட்டியில் வரிசை மாறுவதே கிடையாது. தினமும் அவரவர் இடத்தில்தான் நிற்பார்கள். அக்காவுக்கு முன்னால் எப்போதும் ஒரே பெரியவர். அவர் பாலை வைத்தோம். பீப்போடு நம்பரும் வந்தது. தண்ணீர்தான்.

"மாடு செனையா இருக்குதுபா" என்று இழுத்தார்.

"செனை மாடு பம்புசெட்டையே குடிச்சிட்டுதா பெருசு?" என்று யாரோ கேட்க, மொத்த இடமும் சிரித்தது.

அடுத்து அக்காவின் பால். பீப். நல்ல கெட்டிப் பால், அங்கே வந்ததிலேயே ஒசத்தியான நம்பர். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்குப் பின்னால் நின்றவர் முகம்தான் தொங்கிப்போனது. "அப்ப இத்தினி நாளா எனக்கு வந்தது இவங்க டிகிரியா?"

அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே சுவரோரமாகப் போனார். "நான்தான்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "கடையில டீ குடிச்சிடாதய்யா. நான் வந்து போட்டுத் தரேன்."